எத்னிக் ஸ்டடீஸ்: கட்டாயமா, விருப்பமா, வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயா?

கலிபோர்னியாவில் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் வீடுகளில் ஒரு குழப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழுக்களின் வரலாற்றுப் பாடம்) படித்தால்தான் பள்ளிப் படிப்பை முடித்ததாகக் கணக்கு என்று சில வருடங்களாகச் சொல்லிவந்தார்கள். இப்போது ஒரு பள்ளியில் "கட்டாயம்தான்" என்கிறார்கள், பக்கத்துப் பள்ளியில் "வேண்டுமானால் எடுக்கலாம்" என்கிறார்கள், இன்னொன்றில் பேச்சே இல்லை.

நடந்தது இதுதான். 2021 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் ஏபி 101 (சட்டமன்ற மசோதா 101) என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். 2025-26 முதல் எல்லா அரசு உயர்நிலைப் பள்ளிகளும் ஒரு செமஸ்டராவது இந்தப் பாடத்தை நடத்த வேண்டும், 2029-30ல் பள்ளியை முடிக்கும் பிள்ளைகள் அதில் தேறியிருக்க வேண்டும் என்றது சட்டம். கூடவே, இதற்கென்று மாநிலம் பணம் ஒதுக்கினால்தான் இந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வரும் என்றும் அதற்குள்ளேயே எழுதியிருந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 27.6 கோடி டாலர் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டிருந்தார்கள். 2025 ஜூனில் வந்த பட்ஜெட்டில் அந்தப் பணம் இல்லை. ஆகவே மாநிலக் கட்டாயம் நடைமுறைக்கு வராமல் நின்றது, முடிவெடுக்கும் பொறுப்பு ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கைக்கும் வந்துவிட்டது.

எங்கள் மாவட்டத்திலும் பள்ளி போர்டு (நிர்வாகக் குழு) கூட்டங்களில் இது பேசப்படுகிறது. மூன்று கூட்டங்களுக்குப் போனேன். நம்மவர்கள் அதிகம் வசிக்கும் ஊர்தான், ஆனால் நம் முகங்கள் அங்கே ஒன்றிரண்டுதான். "இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று நான் உறுதியாக நினைப்பதால், முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் பாடம் எது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வரலாற்றை, அதில் ஓரமாகத் தள்ளப்பட்ட மக்கள் பக்கமிருந்து படிப்பதுதான் எத்னிக் ஸ்டடீஸ். கறுப்பின மக்கள், மெக்சிக்கோ மற்றும் லத்தீன் அமெரிக்க வழியினர், பூர்வகுடிகள், ஆசிய அமெரிக்கரும் பசிபிக் தீவினரும் என்று நான்கு அடிப்படைப் பிரிவுகள். 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் தங்கள் மக்களின் வரலாறு பாடத்தில் இல்லையே என்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நாலரை மாதம் நடந்தது. அதன் விளைவாக 1969ல் அங்கே இதற்கென்று தனிக் கல்லூரியே வந்தது. "ஏசியன் அமெரிக்கன்" என்று நாம் இன்று படிவங்களில் டிக் செய்கிறோமே, அந்தச் சொல்லும் 1968ல் பெர்க்லி மாணவர்கள் உண்டாக்கியதுதான்.

நமக்கு என்ன சம்பந்தம் என்றால், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரை, அவர் வெள்ளையர் அல்ல என்று சொல்லி, 1923ல் உச்ச நீதிமன்றம் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறும் வழி 1946ல்தான் திறந்தது, அதுவும் ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம் என்ற அளவோடு. அந்த நூறு என்ற தடை உடைந்தது 1965 குடிவரவுச் சட்டத்தில். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் அடிபட்டு நடத்திய சிவில் உரிமைப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டத்தை நினைத்துப் பார்க்க முடியாது. மென்பொருள் வேலைக்கு விசா எடுத்து வந்த நம் ஒவ்வொருவரின் பயணமும் அங்கே தொடங்குகிறது. எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது, அதுவும் என் மகளின் பாடத்தால்.

போன வருடம் அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடம். குடும்பத்தில் ஊரை விட்டுப் போக நேர்ந்த மூத்தவர் ஒருவரைப் பற்றி விசாரித்து எழுத வேண்டும் என்று வீட்டுப்பாடம். அப்பா விசா வாங்கி வந்த கதையை இரண்டு பக்கம் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். தேவகோட்டையில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் கேள் என்றேன். அப்பத்தா சொன்னது எனக்கே புதிது. அவருடைய பெரியப்பா ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதியவராம். 1942ல் ஜப்பான் படை வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களோடு காடும் மலையுமாக நடந்தே ஊர் திரும்பினாராம். கூடப் புறப்பட்ட தம்பி வந்துசேரவில்லை. அந்தத் தம்பியின் பெயரை அப்பத்தா இத்தனை வருடமாக எங்களிடம் சொன்னதே கிடையாது.

அதே வகுப்பில் ஜப்பானிய வம்சாவளிப் பெண் ஒருத்தி எழுதியதும் 1942தான். அந்தப் பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால் சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்கள் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவளுடைய கொள்ளுப்பாட்டியை முதலில் வைத்திருந்தது சான் புருனோவில், டான்ஃபரான் குதிரைப் பந்தய மைதானத்தில், குதிரைகள் கட்டிய கொட்டிலில். பிற்காலத்தில் அங்கே மால் வந்தது. நாங்கள் எத்தனையோ முறை சாமான் வாங்கப் போன இடம். ஒரு குடும்பம் ஜப்பான் படைக்குப் பயந்து ஓடியது, இன்னொரு குடும்பம் ஜப்பானிய ரத்தம் என்பதற்காகவே அடைக்கப்பட்டது. இரண்டு பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பேசினார்கள். இந்தப் பாடம் வேண்டும் என்று நான் நினைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஆனால் வேண்டும் என்பது ஒரு கேள்வி, எந்த வடிவத்தில் வேண்டும் என்பது வேறு கேள்வி.

எல்லோருக்கும் கட்டாயம்

இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது சான் பிரான்சிஸ்கோ. அங்கே 2010 வாக்கில் சில பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். எட்டாம் வகுப்பில் ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.0க்குக் கீழே இருந்த பிள்ளைகளைச் சில பள்ளிகள் தாமாகவே இந்த வகுப்பில் சேர்த்தன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் டீயும், ஆய்வாளர் எமிலி பென்னரும் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களையும் சற்று மேலே இருந்தவர்களையும் ஒப்பிட்டு, 2017ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வகுப்பில் சேர்ந்தவர்களின் வருகை 21 சதவீதப் புள்ளி கூடியது, ஜிபிஏ 1.4 கூடியது, 23 கிரெடிட் (பாடங்களை முடித்ததற்கான புள்ளிகள்) அதிகம் சேர்த்தார்கள். 2021ல் வந்த தொடர் ஆய்வில், அவர்கள் பள்ளியை முடிக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது.

பெரிய எண்கள்தான். ஆனால் கூட்டத்தில் இதைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். எண்ணிக்கை சிறியது, இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது என்று புள்ளியியல் அறிந்தவர்கள் சிலர் கடுமையாகவே மறுத்திருக்கிறார்கள். ஆய்வாளர்களே கூட, நன்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கவனமாக உருவாக்கிய பாடம் இது, அவசரமாகப் பெரிய அளவில் கொண்டுபோனால் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அங்கே நடந்தது ஒரு முழு வருட வகுப்பு. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அது என்ன செய்தது என்றுதான் நமக்குத் தெரியும். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் என்ன செய்யும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே சான் பிரான்சிஸ்கோ மாவட்டம், தானே உருவாக்கிய பாடத்தைப் பற்றிப் புகார்கள் எழுந்த பிறகு, 2025-26க்கு வெளியிலிருந்து ஒரு பாடநூலை வாங்கிக்கொண்டது.

கட்டாயமாக்குவதில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். என் மகள் மேசையில் நடந்தது விருப்பப் பாடத்தில் நடந்திருக்காது, ஏனென்றால் என் மகள் அதை எடுத்திருக்க மாட்டாள். ரோபோட்டிக்ஸ் எடுத்திருப்பாள்.

செலவைப் பார்ப்போம். ஒரு ஆசிரியர் நாளுக்கு ஐந்து பீரியட், வகுப்புக்கு முப்பது பேர் என்றால் செமஸ்டருக்கு 150 பேர், வருடத்துக்கு 300 பேர். ஒன்பதாம் வகுப்பில் 500 பேர் இருக்கும் பள்ளிக்கு ஏறக்குறைய இரண்டு முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். இதற்கென்று தனி ஆசிரியர் சான்றிதழ் கலிபோர்னியாவில் கிடையாது. சமூக அறிவியல் சான்றிதழ் உள்ள யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மாநிலம் தராமல் விட்ட பணம் இந்த ஆசிரியருக்கான பணம்தான். அப்புறம் நேர அட்டவணை. தனிநபர் நிதி பற்றிய ஒரு செமஸ்டர் பாடத்தை 2030-31ல் முடிப்பவர்களுக்குக் கட்டாயமாக்கி 2024ல் வேறொரு சட்டம் வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பிள்ளையின் ஒரு முழு வருட இடம் போகும். வயலின், இரண்டாவது மொழி என்று வைத்திருக்கும் வீடுகளில் இது நியாயமான கவலை.

விரும்பினால் எடுக்கலாம்

கனெக்டிகட் இந்த வழியில் போனது. 2019ல் சட்டம் போட்டு, 2022-23 முதல் எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ, லத்தீன் அமெரிக்க வரலாற்றை ஒரு வருட விருப்பப் பாடமாக வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். பள்ளி நடத்துவது கட்டாயம், பிள்ளை படிப்பது விருப்பம். டெக்சாஸ் கூட 2018ல் மெக்சிக்கன் அமெரிக்க வரலாற்றையும், 2020ல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றையும் விருப்பப் பாடமாக ஏற்றுக்கொண்டது. அரசியல் சூடு அதிகமுள்ள இடத்திலும் இந்த வழி நிற்கிறது என்பது அதன் பலம். கல்லூரி கிரெடிட் தேடுபவர்களுக்கு 2024-25 முதல் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்ற கல்லூரி நிலைப் பாட) வரிசையிலும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுப் பாடம் ஒன்று இருக்கிறது.

பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஏற்கெனவே அக்கறை உள்ள பிள்ளைதான் வரும். பதினைந்து பேர் மட்டும் பெயர் கொடுத்தால் அந்த வகுப்பை ரத்து செய்து ஆசிரியருக்கு வேறு பீரியட் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம், பாடம் தேர்ந்தெடுக்க உதவும் பள்ளிக் கவுன்சலர் அதைப் பற்றிச் சொல்லவே மாட்டார். பட்டியலில் பெயர் இருக்கும், பள்ளியில் வகுப்பு இருக்காது.

வரலாற்றுப் பாடத்துக்குள் சேர்த்துவிடலாம்

எங்கள் கூட்டங்களில் அதிகம் கைதட்டு வாங்கியது இந்த யோசனைதான். தனிப் பாடம் எதற்கு, பதினொன்றாம் வகுப்பு அமெரிக்க வரலாற்றிலேயே எல்லோருடைய கதையையும் சொல்லலாமே என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. புதிய ஆசிரியர் வேண்டாம், நேர அட்டவணையில் கை வைக்க வேண்டாம். ஓரிகன் மாநிலம் 2017 சட்டத்தின்படி இந்த வழியைத்தான் எடுத்து, மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் தரநிலைகளுக்குள் இதைச் சேர்த்தது. இல்லினாய் 2021ல், ஆசிய அமெரிக்க வரலாற்றை அரசுப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்ட முதல் மாநிலமானது.

எனக்கு ஆரம்பத்தில் பிடித்த வழியும் இதுதான். பிறகு இரண்டு விஷயங்கள் என் எண்ணத்தை மாற்றின. இல்லினாய் சட்டத்தில், எவ்வளவு நேரம் கற்பித்தால் போதும் என்பதை அந்தந்தப் பள்ளி போர்டே முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஒரு பீரியட் நடத்திவிட்டு நடத்தியாயிற்று என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்க முடியாது.

இன்னொன்று மொன்டானா. பூர்வகுடிகளின் பண்பாட்டு மரபை மாநிலம் மதிக்கிறது, கல்வி வழியாக அதைக் காப்பதே நோக்கம் என்று 1972ல் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். இதைவிட உறுதியான வாக்கு இருக்க முடியாது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் வந்தது 1999ல். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதற்கென்று பணம் ஒதுக்கியது 2005ல். முப்பத்து மூன்று வருடங்கள்! அதன் பிறகும், பணம் சொன்ன வேலைக்குச் செலவாகவில்லை என்று பூர்வகுடிக் குடும்பங்கள் 2021ல் வழக்குப் போட்டன. எல்லாப் பாடத்திலும் இருக்கிறது என்று சொன்னால், அது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போய்விடுகிறது. தனிப் பாடம் என்றால் பிள்ளையின் அட்டவணையில் ஒரு வரி இருக்கும், அதற்கு எதிரே ஓர் ஆசிரியரின் பெயர் இருக்கும்.

அமெரிக்க வரலாறு எடுக்கும் ஆசிரியரையும் நினைத்துப் பாருங்கள். தொழிற்புரட்சியில் தொடங்கி இன்று வரை பத்து மாதத்தில் முடிக்க வேண்டும். மே மாதம் ஏபி தேர்வு. கலிபோர்னியாவின் டிலானோவில் 1965ல் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் திராட்சை பறிக்க மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கியதை, மெக்சிக்கோத் தொழிலாளர்கள் பிறகு வந்து சேர்ந்ததை அவர் எந்த வாரத்தில் சொல்வார்? ஒரு வரியில் சொல்லித்தான் கடப்பார்.

வரலாற்றுக்குப் பதிலாகவே எடுக்கலாம்

யாரும் அதிகம் பேசாத நாலாவது வழி ஒன்று இருக்கிறது. அரிசோனாவின் டூசானில் 1998 முதல் மெக்சிக்கன் அமெரிக்கப் படிப்புத் திட்டம் ஒன்று நடந்தது. அந்த வகுப்பை எடுத்தால் அது அமெரிக்க வரலாற்றுக்கான கிரெடிட்டாகவே கணக்கில் வரும். கூடுதல் சுமை கிடையாது, எடுப்பதும் எடுக்காததும் பிள்ளையின் விருப்பம். அந்த மாணவர்கள் பள்ளியை முடிப்பதிலும் மாநிலத் தேர்வில் தேறுவதிலும் முன்னேறியிருந்தார்கள் என்று 2014ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அதற்குள் திட்டமே போய்விட்டது. 2010ல் மாநிலம் அதற்கு எதிராகச் சட்டம் போட்டது, 2012 ஜனவரியில் வகுப்புகளை நிறுத்தி, புத்தகங்களைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்கள். அந்தச் சட்டம் இனத் துவேஷத்தால் வந்தது என்று 2017ல் கூட்டாட்சி நீதிபதி வாலஸ் டாஷிமா தீர்ப்பளித்தார். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருந்தார்கள். நான் இதைப் பாடத்தின் தோல்வியாகப் பார்க்கவில்லை. வகுப்பு நன்றாக நடந்தது, அதைக் காக்கும் ஏற்பாடுதான் இல்லாமல் போனது.

என் முடிவு

மாவட்டத்திடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தால், ஒன்பதாம் வகுப்பில் ஒரு செமஸ்டர் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியலே கிடையாது என்பதால், அங்கே இடம் கிடைப்பது மற்ற வகுப்புகளைவிட எளிது. ஆசிரியர்கள் இல்லை என்றால் கட்டாயமாக்கவே கூடாது. விருப்பமில்லாத ஒருவரிடம் அவசரமாக ஒரு பாடநூலைக் கொடுத்து நிறுத்தினால், பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தின் மேலேயே சலிப்பு வந்துவிடும். அங்கே டூசான் வழிதான் சரி. இரண்டு வகுப்புகள், வரலாற்றுக் கிரெடிட்டோடு தொடங்கி, ஆசிரியர்கள் தயாராகத் தயாராகப் பெருக்கலாம். வரலாற்றுப் பாடத்துக்குள் சேர்ப்பதை இதனோடு கூடவே செய்யலாம். அதை மட்டும் செய்வதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிள்ளைகள் மனதில் பகையை வளர்க்குமோ என்று நம் நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பாடத்துக்கு 2019ல் மாநிலம் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின் முதல் வரைவு பற்றி யூத அமைப்புகள் உள்பட பலர் கடுமையாக ஆட்சேபித்தார்கள். அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி, 2021 மார்ச்சில் ஏறக்குறைய 900 பக்கமாக ஏற்றுக்கொண்டபோது யூத, சீக்கிய, அரபு, ஆர்மீனிய அமெரிக்கர்கள் பற்றிய பாடங்களும் அதில் இருந்தன. திறந்த இடத்தில் பேசியதால் திருந்தியது. சான்டா ஆனா மாவட்டத்தில் நடந்ததோ வேறு. பொதுமக்களுக்குத் தெரியாமல் பாடத்தைத் தயாரித்தார்கள் என்று யூத அமைப்புகள் வழக்குப் போட, 2025 பிப்ரவரியில் அந்த வகுப்புகளை நிறுத்திவைத்து மறுபடி தயாரிக்க மாவட்டம் ஒத்துக்கொண்டது. ஏபி 101லேயே இதற்கு வழி இருக்கிறது. உள்ளூரில் தயாரிக்கும் பாடத்தை ஒரு பொதுக் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும், மக்கள் கருத்துச் சொன்ன பிறகு இன்னொரு கூட்டத்தில்தான் அங்கீகரிக்க வேண்டும். மாநிலப் பணம் வராவிட்டாலும் இந்த ஒழுங்கை நம் மாவட்டங்கள் தாமாகவே பின்பற்றலாம்.

சாதி பற்றிய பேச்சு வந்துவிடுமோ என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். வரட்டும். நமக்கு நடந்த அநீதியைப் பாடமாக்கு என்று கேட்டுவிட்டு, நாம் செய்ததை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரியாகச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர் வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கோரிக்கையை நான் முழுமனதோடு ஆதரிப்பேன்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது மூன்றே கேள்விகள். இந்தப் பாடத்தை எடுக்க யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி தரப்போகிறீர்கள்? பாடத்திட்டம் எந்தத் தேதியில் பொதுமக்கள் பார்வைக்கு வரும்? நம் ஊர்க் கதைகள், சான் புருனோவின் குதிரைக் கொட்டிலும் ஸ்டாக்டனில் 1912ல் வந்த குருத்வாராவும், அதில் இருக்குமா? எங்கள் மாவட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் தருகிறார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பெயர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், தாமதமாகப் போனால் பேச விடமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைத்து, பாட்டி தாத்தாக்களையும் கூட்டி வாருங்கள்.